பச்சைக் குடத்தின் காப்பாளர்

எங்கள் தெருவில் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது நாளைக்கு மழை வருமா வராதா என்பதுதான். அதையும் யாராவது முறைப்படி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

கோர்ட்டு என்றால் கட்டடம் இல்லை, ஆள். தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுப் பையன். அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். பிளஸ் டூ முடித்துச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட்டில் டீக்கடைக்கு வந்து நின்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பெற்ற தாயே வாசலில் நின்று, “எங்க வூட்டு கோர்ட்டு இந்தப் பக்கம் வந்துச்சா?” என்று கேட்பார்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். காலையில் வகுப்பில் என்ன நடத்தினார்களோ, அது சாயங்காலம் எங்கள் தெருவில் அமலுக்கு வந்துவிடும். ஒப்பந்தச் சட்டம் ஆரம்பித்த வாரம் டீக்கடைக்காரர் நிம்மதி இழந்தார். “நான் ஸ்ட்ராங்கா கேட்டேன். நீங்க தலையாட்டுனீங்க. அப்பவே ஒப்பந்தம் ஆயிடுச்சு. இது லைட்டு. ஒப்பந்த மீறல்!”

“டேய் கோர்ட்டு, குடிக்கிறியா, ஊத்திடவா?”

“குடிக்கிறேன். ஆனா என் ஆட்சேபணையோட குடிக்கிறேன்.”

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சேவல் அகப்பட்டது. அது விடியும் முன்பே கூவுவது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் இடையூறு என்று அதன் முகத்துக்கு நேராகவே சொன்னான். சேவல் மேல்முறையீடு செய்வதுபோல உரக்கக் கூவியது.

ஒருநாள் அவனைக் கேட்டேன், “படிச்சு முடிச்சு என்னடா பண்ணப் போறே?”

“முதல்ல வக்கீல் சார். அப்புறம் ஜட்ஜு. அப்புறம் கலெக்டர்.”

“இதென்னடா ஏணியைத் தலைகீழா வச்சு ஏறுற மாதிரி இருக்கு?”

“மக்கள் சேவை சார். எந்தப் பக்கமா ஏறுனா இன்னா?”

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அந்த ஆசையில் அவனுக்கு விளையாட்டே கிடையாது.

சேவைக்கு முதல் வாய்ப்பு தண்ணீர் லாரி வடிவத்தில் வந்தது. எங்கள் தெருவில் லாரி வருகிற நேரம் லாரிக்கே தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் எப்போது வழி விடுகின்றனவோ அப்போது வரும். அதுவரை யாரால் தெருவில் நிற்க முடியும்? அதனால் குடங்கள் நிற்கும். விடியற்காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆள் வேலைக்குப் போய்விடலாம். லாரி வந்ததும், பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் இருக்கிற குடத்தையும் நகர்த்தி, நிரப்பி, ஓரமாக வைப்பார்கள். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. அதனாலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

புதிதாகக் குடிவந்த ஸ்டீல் பாத்திரக் கடைக்காரருக்கு இது பிடிபடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். “ஆளே இல்லாம வெறுங்குடம் நிக்கி. ஆள் நான் பின்னால நிக்கேன். இது என்ன நியாயம்?” என்றார். கூட்டம் கோர்ட்டைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் ஒருவர் தானாக வந்து நியாயம் கேட்கிறார்! அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“வரிசை என்பது நபர்களுக்கு உரியது. குடம் நபர் அல்ல. ஆகவே குடத்துக்கு வரிசையில் இடமில்லை.”

ஆளில்லாத குடங்கள் ஓரத்துக்குப் போயின. அவற்றில் செல்வியக்காவின் பச்சைக் குடமும் ஒன்று.

செல்வியக்கா இருட்டோடு எழுந்து காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, மூலக்கொத்தளம் பக்கம் தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம்தான் வருவார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அன்றைக்கு வந்து பார்த்தால் குடம் காலி. விஷயம் தெரிந்ததும் கூடையோடு கோர்ட்டின் வாசலுக்கு வந்தார். மீன் மார்க்கெட்டே நடுங்கும் குரல் அவருக்கு. அன்றைக்கு அந்தக் குரலை எழுப்பவே இல்லை.

“இன்னா கோர்ட்டு, என் கொடம் மன்சன் இல்லியாமே? நான் அங்க ஏலத்துல நிக்கறதா, இங்க லாரிக்கு நிக்கறதா? என்னை ரெண்டா பொளந்துக்கச் சொல்லி எந்தச் சட்டத்துல கீது?”

கோர்ட்டு உள்ளே ஓடி, தன் வீட்டுக் குடத்தைத் தூக்கி வந்தான்.

“உன் தண்ணி எனக்கு வாணாம் நைனா. என் கொடம் நின்ன எடத்துல நிக்கட்டும். அத்த மட்டும் செய்யி.”

அதற்குப் பிறகு சில நாள் கோர்ட்டு டீக்கடைப் பக்கமே வரவில்லை. சேவல் இஷ்டத்துக்குக் கூவியது. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மா என் மனைவியிடம் வருத்தப்பட்டார். எனக்கும் பாவமாக இருந்தது. ஊருக்கு நல்லது செய்ய நினைத்தவன் கையாலேயே ஒருத்தியின் தண்ணீர் போய்விட்டதே.

ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

“சார்! கம்பெனி ஒரு நபர் சார்! கோயில் சாமி ஒரு நபர் சார்! இன்னிக்குத்தான் நடத்துனாங்க. ஆர்பர்ல நிக்குதே கப்பல், அது மேலயே கேஸ் போடலாம் சார்! கப்பலுக்கு ஒரு நியாயம், குடத்துக்கு ஒரு நியாயமா?”

மறுநாள் வரிசையில் நின்று தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தான். ஸ்டீல் கடைக்காரர் விடவில்லை. “நபர்னா நடக்கணும்லா? குடம் நடக்குமா?”

“சாமி நடக்குமாண்ணே? சாமி சார்பா ஒருத்தர் பொறுப்பு எடுத்து நடத்துறாரு இல்ல? அந்த மாதிரி இந்தக் குடத்துக்கு நான் காப்பாளர்!”

அன்றிலிருந்து காலையில் பச்சைக் குடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டுமாக அவன் நிற்பான். ஒரு கையில் புத்தகம். வரிசை நகர்ந்தால் குனிந்து குடத்தை நகர்த்துவான். “காலால தள்ளேன்டா, இடுப்பு போயிடப் போவுது,” என்று மாடியிலிருந்து சொன்னேன்.

“கட்சிக்காரரைக் காலால தள்ளலாமா சார்?”

தெருவே சிரித்தது. செல்வியக்கா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு, கோர்ட்டின் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு செமஸ்டர் பரீட்சை வந்தது. கல்லூரி ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாற வேண்டும். அன்றைக்கென்று பார்த்து எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் நகர மறுத்தன. லாரியைக் காணோம். கோர்ட்டு வாட்சைப் பார்ப்பதும் குடத்தைப் பார்ப்பதுமாக நின்றான்.

“போடா, பரீட்சை போச்சுன்னா வருஷம் போச்சு. நாங்க பாத்துக்க மாட்டமா?” என்றார்கள் எல்லோரும்.

“காப்பாளர் இல்லாம வுட்டா அது மறுபடியும் வெறுங்குடம் ஆயிடும். ஒருதபா என்னால அவங்க தண்ணி போச்சு. போதும்.”

நான் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வரிசை என் மனைவியின் இலாகா. வரிசை இருக்கும் திசையில் நான் நடந்ததே கிடையாது. அன்றைக்கு லுங்கியும் டம்ளருமாகக் கீழே இறங்கிப் போய்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

“நான் காப்பாளர். நீ கிளம்பு.”

அவசரத்திலும் அவனுக்கு முறை முக்கியம். “குடத்து மேல கை வச்சு உறுதிமொழி சொல்லுங்க சார்.” சொன்னேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் ஸ்டீல் கடைக்காரர் தன் இடத்தை விட்டு வெளியே வந்து பைக்கைக் கிளப்பினார். “ஏறுடே, பரீட்சை வாசல்லயே விடுதேன்!”

கடைக்காரர் விட்டுப்போன இடத்தில் அவருடைய குடம் மட்டும் நின்றது. லாரி வந்ததும் அதையும் சேர்த்து நானே நகர்த்தி நிரப்பினேன்.

மத்தியானம் செல்வியக்கா வந்தார். குடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தார். “புள்ள பரிச்சைக்குப் போச்சா சார்?”

போய்விட்டான், பாஸும் ஆகிவிட்டான். இப்போது மேல் வகுப்பு. காலையிலேயே ஒரு வக்கீல் ஆபீசுக்குத் தொழில் பழகப் போய்விடுகிறான். ஜட்ஜு, கலெக்டர் ஆசையெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆகட்டும். அதுவரை பச்சைக் குடம் என் பொறுப்பு. குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது. ஆனாலும் அதைக் காலால் தள்ள எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.