பக்கத்துக் கூண்டு எலிகள்

இரண்டு நாக்குகளும் ஒரே மாதிரி இருந்தன. ரிஹாப் நுண்ணோக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் அப்படியேதான் இருந்தன.

ஒன்று, நூடுல்ஸ் மசாலாவில் போடும் சுவையூட்டி உப்பை எட்டு வாரம் தண்ணீரில் குடித்த எலியின் நாக்கு. இன்னொன்று வெறும் தண்ணீர் குடித்த எலியுடையது. உப்பு எலிக்கு நாக்கின் மொட்டுகள் உதிர்ந்து தோல் உரிந்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் பேராசிரியர் பக்ரி அப்படித்தான் கண்டுபிடித்தார். துறைத்தலைவர் நாற்காலியும் இரண்டு விருதுகளும் அதற்காகத்தான் கிடைத்தன.

"ஒரு வித்தியாசமும் இல்ல சார்."

"என் எலிங்களுக்கு மட்டும் எப்பிடி வந்துச்சு? எலி தப்பு பண்ணாதும்மா. கலக்குற கைதான் தப்பு பண்ணும். டபுளாக் குடு," என்றார் அவளுக்கு வழிகாட்டியான பக்ரி.

வருடக் கடைசிக்குள் டாக்டர் பட்டம் வாங்காவிட்டால் கல்லூரி அவளைப் பதிவு அறைக்கு மாற்றிவிடும். ஆயுள் முழுக்க மாணவர் விண்ணப்பங்களில் முத்திரை குத்திக்கொண்டிருக்கலாம்.

இரண்டு மடங்கு கொடுத்தாள். உப்பு எலிக்கும் தண்ணீர் எலிக்கும் பாரபட்சமில்லாமல் நாக்கு புண்ணாயிற்று.

"உப்புத் தூள் காத்துல பறந்திருக்கும். தண்ணி எலிங்கள வேற ரூமுக்கு மாத்து," என்றார் பக்ரி. மேதை அல்லவா?

மாற்றினாள். எட்டு வாரம் கழித்து, தண்ணீர் எலிகளின் நாக்கு உப்பு எலிகளுடையதைவிட மோசமாகியிருந்தது. அவள் ஆராய்ச்சியை நம்பினால், எகிப்தில் இனி யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் எலி அறைக்குப் போனாள். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஷெஹாத்தா, ஒரு கையில் மொச்சைக் கூழ் வைத்த ரொட்டியோடு, தண்ணீர் எலிகளின் புட்டியில் உப்புக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"சாப்பாடு குடுக்குறேன், டாக்டரம்மா."

"அதுங்களுக்கு வெறும் தண்ணி மட்டும்தானே!"

"அது எப்பிடி? ஒரு வீட்டுல சமைச்ச வாசன பக்கத்து வீட்டுக்குப் போச்சுன்னா, ஒரு தட்டு குடுத்தனுப்ப வேணாமா? நாமளும் மனுஷங்கதானே! இப்ப நீங்க தனியா வேற கொண்டாந்து போட்டுட்டீங்க. பாவம்னு ரெண்டு பங்கா ஊத்துறேன்."

ரிஹாப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"என் அஞ்சு வருஷ உழைப்பு போச்சு, மாமா! வேலையும் போச்சு! புரொஃபசரோட எலிங்களுக்கும் இப்பிடித்தான் ஊத்துனீங்களா?"

ஷெஹாத்தா பதறிப்போய் நெஞ்சில் கை வைத்தார்.

"அல்லா மேல சத்தியமா ஒரு சொட்டுகூட ஊத்தலம்மா! அவரு எலிங்கதான் மூணாம் நாளே கூண்டக் கடிச்சுட்டு ஓடிப்போச்சே. ஆனாலும் பெரிய மனுஷன், எட்டு வாரமும் தவறாம வந்து, காலிக் கூண்டப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதிட்டுத்தான் போவாரு."