ஃபோர்க்கில் ஊற்றிய தேங்காயெண்ணெய்

பொறுமை இல்லாதவனிடம் கொஞ்சம் படிப்பும் சேர்ந்துவிட்டால் ஊருக்கே ஆபத்து. என் கல்யாணம் நிச்சயமான கதையே அதற்குச் சாட்சி. நானாக இதைச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுகிறாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிகிறேன்.

யுத்தம் முடிந்த சமயம். வத்தலக்குண்டில் உரக் கம்பெனி ஏஜெண்டாக இருந்தேன். மலைமேல் வில்பட்டி வரை சுற்றுகிற வேலை. அதற்காகப் பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் குழாய்களுக்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே ஸ்பிரிங் இருக்கும், ஸ்பிரிங்கை அடக்கிவைக்க எண்ணெய் இருக்கும். என் வண்டியில் எண்ணெய் ஒழுகிப்போய், சின்னக் கல்லில் ஏறினாலும் முன்பக்கம் நாலு முறை தலையாட்டிவிட்டுத்தான் ஓயும்.

பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த காதர் பாய் வாஷரை மாற்றி ஒழுகலை நிறுத்தினார்.

"எண்ணெய் மெல்லிசா இருந்தா குதிக்கும். கெட்டியா இருந்தா மரக்கட்ட மாதிரி நிக்கும். இதுக்குன்னே ஆயில் இருக்கு தம்பி. மதுரையிலருந்து வரணும், ஒரு வாரம் பொறுங்க" என்றார்.

எனக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க வழியில்லை. கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்த ஞானமுத்து, தம் மகள் கிரேஸை எனக்குத் தருவதா வேண்டாமா என்று பார்க்க மறுநாள் எங்கள் வீட்டுக்கு வருகிறார். கிரேஸை நான் சர்ச்சில் இரண்டே முறை பார்த்திருந்தேன். மூன்றாவது முறை பார்க்காவிட்டால் உயிர் தங்காது என்ற நிலை. பெண் கொடுக்க வருகிறவர் முன்னால் தலையாட்டுகிற வண்டியை நிறுத்தலாமா? (நிற்கிற வண்டி தலையாட்டாது என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.)

அடுக்களைக்குள் புகுந்தேன். முதலில் ஃபோர்க்கில் சீமெண்ணெய் ஊற்றினேன். குலுக்கத்தை அளக்க, தண்ணீர் நிறைந்த செம்பை டேங்கின்மேல் கட்டிச் சந்தைப்பேட்டைப் பள்ளங்களில் ஓட்டினேன். முழுச் செம்பும் என் மடியில் கொட்டியது. அதை வடித்துவிட்டு அடுத்து விளக்கெண்ணெய். ஃபோர்க் அசையவே இல்லை, என் தாடைதான் அசைந்தது. மூன்றாவதாகத் தேங்காயெண்ணெய். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. என்ன ஊற்றினேன் என்று கேட்ட காதர் பாயிடம், "அது நம்ம சொந்தக் கண்டுபிடிப்பு பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாத்தியார் வந்தார், திருப்தியாகச் சாப்பிட்டார். "வீட்ல பேசிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்று எழுந்தவருக்கு, பஸ் அன்றைக்கு மலையேறாது என்று சேதி வந்தது. கரும்பு தின்னக் கூலியா? நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"எனக்கு இடுப்பு வலி கெடக்கு தம்பி. குலுங்குமோ?"

"செம்புத் தண்ணி சிந்தாது சார்."

மலையடிவாரம் வரை சிந்தவில்லைதான். "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு" என்று அவரே சொன்னார். நான் நாலு மைலுக்கு எண்ணெய்களின் குணம் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

மார்கழி மாதம். ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அங்கிருந்து பள்ளத்தில் இறங்கிய முன்பக்கம் மேலே வர மறுத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பெருமாள்மலை வருவதற்குள் வண்டி மண்டியிட்டுவிட்டது. பின்னால் இருந்தவர் சறுக்கிச் சறுக்கி என் முதுகில் வந்து சாய்ந்தார்.

"தம்பி, நான் முன்னால வாரேனா, வண்டி பின்னால போகுதா?"

பிறகு ஃபோர்க் அடியோடு இறுகிவிட்டது. ஒவ்வொரு கல்லும் நேராக எங்கள் முதுகெலும்பில் ஏறியது. முதலில் அவர் தொப்பி போயிற்று. அப்புறம் குடை. கடைசியில் அவர் என் தோளைத் தட்டி, வெறும் வாயைக் காட்டினார். பல்செட்டு.

மூடுபனிக்குள் இருவரும் தவழ்ந்து தேடினோம். ஒரு புதருக்கடியில் அது சிரித்துக்கொண்டு கிடந்தது. சுனையில் கழுவிப் பையில் போட்டவர் அப்புறம் வாய் திறக்கவில்லை. கோபமா, பல் இல்லாததாலா என்று எனக்கு விளங்கவில்லை. கிரேஸ் எனக்கில்லை என்பது மட்டும் விளங்கியது.

வீடு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஃபோர்க்கின் அடி ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஒன்றும் வரவில்லை. குச்சியால் குத்தினேன், வெள்ளையாக ஏதோ ஒட்டியது. வெளியே வந்த கிரேஸ் அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"தேங்காயெண்ணெய் ஊத்துனீங்களா?"

"ஆமாங்க. கீழ நல்லாத்தான் இருந்துச்சு."

"இங்க மார்கழியில அடுப்போரமா வச்சாத்தாங்க அது எண்ணெய். வெளிய வச்சா கல்லு."

கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து குழாய்கள்மேல் நிதானமாக ஊற்றினாள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு மெல்ல எழுந்தது. எண்ணெய் வழிந்து வாசலெல்லாம் அடுக்களை வாசனை. பல்லை மாட்டிக்கொண்டு வந்து நின்ற வாத்தியார், மகளிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரத் தனியா விட்டா சரிப்படாது. கூட ஒரு ஆளு இருந்துதான் ஆகணும்" என்றவர், திரும்பி உள்ளே நடந்தார். "வெரசா உள்ள வாங்க மாப்பிள்ளை, குளிருது."

நாங்கள் கொடைக்கானலிலேயே குடியேறி நாற்பது வருஷம் ஆகிறது. மார்கழி பிறந்தால், உறைந்துபோன எண்ணெய்ப் புட்டியைப் பேரப்பிள்ளைகள் பார்க்க என் முன்னால் கவிழ்த்துக் காட்டி, "ஒரு வாரம் பொறுங்க, மதுரையிலருந்து நல்ல ஆயில் வருது" என்பாள் கிரேஸ். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.