போய்ச் சேர்ந்தவள்

"உஷாராணி போய்ச் சேந்துட்டா சார்," என்றாள் காசம்மாள், நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு.

கணேஷ்குமாரின் கையிலிருந்த அளவு டேப் நழுவித் தரையில் விழுந்து பாம்புபோலச் சுருண்டது.

"இன்னாம்மா சொல்ற? எப்போ?"

"வெள்ளிக்கெழம காலையில."

"எப்படி?"

"எப்படின்னா? எல்லாம் ஒங்க வாயாலதான். அத்தினி பேரு முன்னாடி ஒரு கேள்வி கேட்டீங்களே! அழுதுக்கினே வூட்டுக்குப் போனா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டா."

கணேஷ்குமார் டேப்பைத் தாண்டி அவளருகே வந்தார். "அவ ஊரு மணப்பட்டுலயா?"

"மணப்பட்டுல இன்னா இருக்குது? வில்லியனூர்ல. அவ மாமாதான் கூட நின்னு எல்லாத்தையும் முடிச்சி வெச்சாரு."

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

"'என் உசுரு அந்த மூல மிஷின்லதான்க்கா இருக்குது. ஆனா, அந்தாளு வாயில ஒரு நல்ல வார்த்த வராது'ன்னா. வேற இன்னாத்த சொல்லுவா?"

காசம்மாள் அடுத்த நைட்டியை எடுத்து மிஷினில் வைத்தாள். அவள் கால் மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

பாண்டிப் பக்கத்துச் செலியமேட்டில் கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே, மூடிப்போன ஒரு ரைஸ்மில் கொட்டகையில் நடக்கிற நைட்டி தைக்கும் கம்பெனி அது. கணேஷ்குமார் அதற்கு மேனேஜர். திருப்பூரில் தொழில் கற்றவர். அங்கே அவர் கற்ற பாடம் ஒன்றே ஒன்றுதான். 'நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா நூலு லூசாயிடும்.' அந்தக் கொட்டகையில் அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

போன வாரம் உஷாராணி தைத்த கழுத்துப் பட்டியைத் தூக்கிப் பிடித்து, "இது தையலா, நண்டு நடந்த தடமா? நீயெல்லாம் எதுக்கும்மா வேலைக்கு வர்ற?" என்று கேட்டார். கடலோரத்துப் பெண். நண்டுத் தடம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு, பேசாமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு போன் போட்டால் 'ஸ்விட்ச் ஆஃப்' என்றே வந்தது.

இப்போதுதான் காரணம் தெரிந்தது.

மூலையில் அவளுடைய மிஷின் தனியாக நின்றது. வெட்டிவைத்த துணிக்கட்டு அதன்மேல் அப்படியே கிடந்தது.

"அந்த மிஷின யாரும் தொடாதீங்க," என்றார் கணேஷ்குமார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டுத் திரும்பி வந்தார். பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள் யாரும் இல்லை. கூரை ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. உள்ளே ஏதோ ஒரு வாசனை, நெல் அவிக்கிற மாதிரி. மில் மூடி எத்தனையோ காலமாயிற்று.

மூலை மிஷினைப் பார்த்தார். துணிக்கட்டைக் காணவில்லை. அதன் இடத்தில் தைத்து முடித்த நைட்டிகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன.

மிஷினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

"யாரு இத தைச்சது?" என்று வெளியே பார்த்துக் கத்தினார்.

பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்ற செல்வகுமாரி பனித்திட்டு கிராமத்திலிருந்து வருகிறவள், அதட்டினாலே அழுதுவிடுவாள். அவள் பதறி, "நாங்க இல்ல சார்! நாங்க எல்லாம் மரத்தடியில இருந்தோம்," என்றாள்.

கணேஷ்குமார் ஒரு நைட்டியை எடுத்துப் பார்த்தார். கழுத்துப் பட்டி கோடு போட்டமாதிரி இருந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நல்லா இருக்குதும்மா. தையல் ரொம்ப நல்லா இருக்குது."

கொட்டகையில் ஊசி விழுந்தால் கேட்கும். நிஜமாகவே செல்வகுமாரியின் கையிலிருந்த ஊசி விழுந்தது. கேட்டது.

மறுநாளும் அதேதான் நடந்தது. மூலையில் ஒரு கட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், வருவதற்குள் முடிந்திருந்தது. ஒருநாள் சீக்கிரமே திரும்பி வந்தார். பெண்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஒரு மிஷின் மட்டும் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. கூரையிலிருந்த புறாக்கள் ஒரே சமயத்தில் படபடத்து வெளியே பறந்தன. கணேஷ்குமார் வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போன ஆத்மாவை வெறும் வார்த்தையால் சமாதானம் செய்தால் போதுமா என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. காலை டீக்குப் பெண்களெல்லாம் வெளியே மரத்தடிக்குப் போவது வழக்கம். பாகூர் கடைத்தெருவிலிருந்து பக்கிரி மொபெட்டில் டீ கொண்டுவந்து ஊற்றுவார். பக்கிரி அதிகம் பேசாத ஆள். அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு டீ சேத்துக் கொண்டா. உள்ள மூல மிஷின்ல கொண்டுபோய் குடுத்துட்டு வந்துடு."

பக்கிரி ஏன் என்று கேட்கவில்லை. தலையாட்டினார்.

டீ நேரம் முடிந்து உள்ளே போனபோது கிளாஸ் காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தது.

இதில் உயிரோடு இருப்பவர்களுக்கு மனசு விட்டுப்போனது.

"எத்தினி வருசமா தைக்கிறேன்? ஒரு நாளு 'நல்லா இருக்குது காசம்மா'ன்னு கேட்டிருப்பனா? இந்தக் கம்பெனியில மரியாத வேணும்னா மொதல்ல மேல போவணும்போல," என்று காசம்மாள் சத்தமாகவே சொன்னாள். ஆளுக்கு ஆள் தலைவலி என்றார்கள், கால்வலி என்றார்கள். மிஷின்கள் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தன.

இவர்களையும் பாராட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று கணேஷ்குமார் நினைத்தார். ஆனால், பழக்கமில்லாத வாய் ஒத்துழைக்கவில்லை.

"காசம்மா, உன் தையலு... நேத்திக்கு இருந்த அளவுக்கு மோசமில்ல."

காசம்மாள் அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

ஆர்டர் தேங்கியது. முதலாளி புகழ்வேந்தனுக்கு வில்லியனூரில் துணிக்கடை. அவர் போனில் வந்தார்.

"கணேசு, சனிக்கெழம லோடு ஏறலன்னா கொட்டாய பூட்டிட்டுப் போயிக்கினே இருக்கலாம், தெரியும்ல?"

"தெரியும் சார். ஆளுங்க கொஞ்சம் சோர்வா இருக்குறாங்க."

"அப்ப மோட்டிவேஷன் குடுப்பா! நேத்து பாண்டியில ஒரு ஓட்டல்ல கிளாஸ் எடுத்தாங்க. அதிகமா தைக்கிறவங்க போட்டோவ பெருசா போட்டு செவுத்துல மாட்டணுமாம். மத்தவங்களுக்கு ரோசம் வந்துடும். உன்கிட்ட யாரு அதிகம்?"

"மூல மிஷின் சார்."

"பேரு இன்னா?"

"உஷாராணி."

"சூப்பர். இன்னிக்கே மாட்டிட்டு எனக்கு போட்டோ அனுப்பு."

உஷாராணியின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு பாகூர் ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பிரேம் போட்டு, மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் பொருத்திக் கொடுத்துவிட்டார். கீழே 'சிறந்த தொழிலாளி' என்று மட்டும் எழுதச் சொன்னார் கணேஷ்குமார். மாட்டி முடித்தபின் பார்த்தால் சுவர் வெறிச்சென்று இருந்தது. கை தன்னால் போய் ஒரு சம்பங்கி மாலையைப் போட்டுவிட்டது.

கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் பல்பு விட்டுவிட்டு எரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உஷாராணி கண்ணைச் சிமிட்டுவதுபோல இருந்தது.

பெண்களுக்கு ரோசம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"அடுத்த மாசம் அதிகமா தைச்சா நமக்கும் இதேதானாடி?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"சார், என்னை மட்டும் சிறந்த தொழிலாளி ஆக்கிடாதீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க சார்," என்று செல்வகுமாரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

யாரும் முதலில் வந்துவிடக் கூடாது என்று, ஒருத்தியை ஒருத்தி பார்த்துப் பார்த்து மெதுவாகத் தைத்தார்கள். முதலாளியோ போட்டோவைப் பார்த்து மகிழ்ந்து, 'எங்கள் குடும்பத்தின் பெருமை' என்று தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். சுற்றுவட்டாரமே அவருக்கு ஆழ்ந்த இரங்கல் அனுப்பியது.

வெள்ளிக்கிழமை காலை. டீக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும்போது கரண்ட் போனது. எல்லா மிஷினும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் கணேஷ்குமார் போட்டோ முன்னால் நின்று, மறுநாள் லோடு எப்படியாவது ஏற வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்.

"சார்."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். மெல்லத் திரும்பினார்.

வாசலில், வெயிலுக்கு முதுகைக் காட்டி, உஷாராணி நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரிக்கோல்.

கணேஷ்குமார் கட்டிங் டேபிள்மேல் எப்போது ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா, தாயே! ஒனக்கு இன்னா கொற வெச்சேன்? டீல சக்கர பத்தலியா?"

"சார், நான் உசுரோட இருக்குறேன்!"

"அப்படித்தாம்மா தோணும். செத்தவங்களுக்குத் தாங்க போனது தெரியாதாம், பெரியவங்க சொல்லியிருக்குறாங்க."

"அய்யோ! மொதலாளி ஸ்டேட்டஸப் பாத்துட்டு ஆளாளுக்கு நான் வேல செய்ற கம்பெனிக்கு போன் போட்டு, என்கிட்டயே 'எப்போ எடுக்கறாங்க'ன்னு கேக்குறாங்க! என் மாலைய எறக்குங்க மொதல்ல!" உஷாராணி விடுவிடுவென்று போய்க் கத்தரிக்கோலால் மாலையை நறுக்கென்று வெட்டினாள். பிறகு திரும்பினாள். "ஏங்க்கா, நான் ஒங்கிட்ட இன்னா சொல்லச் சொன்னேன்? வில்லியனூர் கம்பெனியில சேந்துட்டேன்னு சொல்லச் சொல்லல?"

காசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் அதானடி சொன்னேன். போய்ச் சேந்துட்டான்னு. இவுரு வேற மாதிரி நெனச்சிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

செல்வகுமாரி விசும்ப ஆரம்பித்தாள். மொத்தமும் அவள் வாயிலிருந்து கொட்டியது. "மொத நாளு நான்தான் சார் தைச்சேன். கட்டு தேங்கிப் போவுதேன்னு பாவமா இருந்துச்சு. தொடாதீங்கன்னு சொல்லியிருந்தீங்களா, திட்டுவீங்கன்னு பயந்து இல்லன்னுட்டேன். நீங்க 'நல்லா இருக்குது'ன்னீங்க சார். என் தையல அப்படி சொல்லி நான் கேட்டதே இல்ல. அத இன்னொரு வாட்டி கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அப்பறம் தாங்களும் கேக்கணும்னு எல்லாரும் வந்தாளுங்க. சாப்பாட்டு நேரத்துல மொற வெச்சிக்கினு ஆளுக்கு ஒரு நாளு தைச்சோம்."

கணேஷ்குமார் டேபிளிலிருந்து இறங்கினார். கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்கு முதலில் வந்தது பெருமூச்சு, அப்புறம் சிரிப்பு, அப்புறம் கண்ணில் தண்ணீர்.

"நெஜமாவே அந்த மாதிரி சொன்னீங்களா சார்?" என்று உஷாராணி தணிந்த குரலில் கேட்டாள். "என் தையல்னு நெனச்சீங்களா?"

"தெனம் சொன்னேம்மா."

அவள் கத்தரிக்கோலைத் தன் பழைய மிஷின்மேல் வைத்தாள். "அந்தக் கம்பெனியில ஃபேன் இருக்குது, கேண்டீன் இருக்குது. ஆனா, ஒரு மனுசன் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டான். திங்கக்கெழம இங்கயே வந்துடறேன் சார்."

கணேஷ்குமார் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "காசம்மா, செல்வகுமாரி, எல்லாரும்தான்... நல்லா தைக்கிறீங்க. ரொம்ப நல்லா தைக்கிறீங்க."

கரண்ட் வந்தது. யாரும் சொல்லாமலே எல்லா மிஷினும் ஓட ஆரம்பித்தன. அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது, சனிக்கிழமை லோடு ஏறிவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தையைப் பூட்டிவைத்து என்னத்தைக் கண்டோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

வெளியே மொபெட் சத்தம் கேட்டது. எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். பக்கிரி ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசி கிளாஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கொட்டகைக்குள் நடக்கப் போனார்.

"பக்கிரி, அது இனிமே வேணாம்பா," என்று சிரித்தார் கணேஷ்குமார். "எல்லாம் இந்தப் பொம்பளைங்க பண்ண கூத்து. உஷாராணி இதோ குத்துக்கல்லாட்டம் நிக்குது பாரு."

பக்கிரி உஷாராணியைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தமாதிரி இல்லை. பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நிறுத்திடலாம் சார்... ஆனா, நீங்கெல்லாம் இங்க நின்னு குடிக்கறப்ப உள்ள மேலெல்லாம் தவிடோட தனியா உக்காந்துக்கினு இருக்குதே அந்தப் பல்லு போன பெரியம்மா, அது ஒண்ணுதான் சார் டீய கையில வாங்கிக்கினு 'நல்லா இருப்பா'ன்னு சொல்லுது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் நான் இவ்ளோ தூரம் வண்டிய ஓட்டிக்கினு வரேன்."