மூன்று முடிச்சும் தங்கச்சி போட்டாள்

இலங்கையில் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எந்தக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும், தாலி கட்டுகிற கட்டத்தில் திரை முழுக்க ஒரு வழுக்கைத் தலைதான் தெரியும். அதுதான் சாட்சி மாமா. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். சிங்கள வீடியோக்காரர், "மாமே, பொட்டக் அயின் வென்ன!" என்று தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சுவார். மாமா அசையமாட்டார்.

"கெமராவுக்கு எதுக்குத் தெரியணும்? நாளைக்குக் கோட்டுல ஜட்ஜு கேட்டா கெமராவா வந்து பேசும்?"

அட்சதை போடுகிறவர்களை அவர் அதட்டுவார். "மெதுவாப் போடுங்கய்யா, கண்ணு மறைக்குது!" ஒருமுறை அரிசி கண்ணில் விழுந்துவிட, துடைத்து முடிக்கும்வரை மாப்பிள்ளையைத் தாலியும் கையுமாக நிறுத்திவைத்தார். மேளக்காரர் கெட்டிமேளத்தை அடித்து அடித்துக் களைத்துப்போனார்.

பிறகு என் முறை வந்தது. 'சடங்கு நடந்தால் போதும், பதிவு எழுத்தைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று பெரிய சட்டம் படித்தவன் மாதிரி சொல்லி வைத்திருந்தேன். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் அவன் தங்கச்சி போடுவது எங்கள் வழக்கம். நான் தாலியை எடுத்து, முடிச்சை எப்படிப் போடுவதென்று யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற தங்கச்சி கொழுந்து பறிக்கிறவள். அந்த வேகத்தில் கயிற்றைப் பிடுங்கி மூன்றையும் அவளே போட்டுவிட்டாள்.

"மேளத்த நிறுத்து! மாப்ள கட்டல!" என்று கத்தினார் சாட்சி மாமா.

மாமனார் பதறினார். "யாரு போட்டா என்னங்க, தாலி ஏறிருச்சுல்ல?"

"பதிவு எழுத்தும் இல்ல. நாளைக்குக் கட்டினது யாருன்னு ஜட்ஜு கேட்டா, நாத்தனாருன்னு சொல்லவா?"

மண்டபமே சிரித்தது. ஏறிய தாலியை அவிழ்ப்பது அபசகுனம் என்றார் ஐயர். அவிழ்க்காவிட்டால் கல்யாணமே இல்லை என்றார் மாமா. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். குனிந்த தலை நிமிராமல் பெண்தான் பேசினாள்.

"அவுக்க வேணாம். மேல நாலாவதா ஒன்னு போடச் சொல்லுங்க."

போட்டேன். எனக்குத் தெரிந்தது ஆட்டைக் கட்டுகிற முடிச்சு ஒன்றுதான். மாமா மூக்கு உரசக் குனிந்து பார்த்து, "ம், அடிங்க" என்று மேளத்துக்குக் கைகாட்டினார்.

கடைசிப் பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் மாமா என் மானத்த வாங்கினீங்க?"

ரசத்தைப் பிசைந்தபடி சொன்னார். "எங்கக்காவுக்கும் எழுத்து இல்ல தம்பி. மச்சான் செத்ததும் அவரு அண்ணன் தம்பிங்க, இவ பொண்டாட்டியே இல்லன்னுட்டாங்க. இரத்தினபுரி கோட்டுல, தாலி கட்டினத யாரு பாத்தான்னு கேட்டாங்க. சாட்சி சொல்லப் போனவன் எல்லாம் சாப்பாட்டப் பத்தித்தான் சொன்னான்."

"நீங்க பாக்கலயா?"

"அப்ப நான் மொதப் பந்தியில இருந்தேன்."



அடுத்த வாரமே பதிவாளரிடம் போனோம். சாட்சிக் கையெழுத்துப் போட மாமா வேகாத வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். போட்டு முடித்ததும் என் மனைவி அவர் காலில் விழுந்தாள்.

"எந்திரிம்மா. யாரு கேட்டாலும் நான் சொல்லுவேன்."

கல்யாணத்தன்று பெரியவர்கள் காலில் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளித்தான் விழவைத்தார்கள். பதிவாளர் முன்னால் யாரும் தள்ளவில்லை. நானே விழுந்தேன்.