தக்கை சொன்ன பொருத்தம்

இளைஞர்கள் எல்லாம் பீருடன் ஓடிப்போய்விட்டார்கள் என்று ஒயின் கடைக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் தக்கைச் சித்தர் அவதரித்தார். பாட்டிலில் இருந்து பிடுங்கிய தக்கையை மூக்கில் வைத்து ஒரே இழுப்பு. திராட்சை விளைந்த மலை, அன்று பெய்த மழை, குடிக்கப்போகிறவரின் கல்யாண யோகம் எல்லாம் கடகடவென்று கொட்டும். வரிசை பக்கத்து சலூன் வரை நின்றது. ஒயினை யார் ருசித்தார்கள்? தக்கையே பேசும்போது நாக்குக்கு என்ன வேலை!

லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை, போன ஞாயிறு வரை. அன்றுதான் அவனைக் கட்டிக்கொள்ள இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண் அவனையும் அங்கே இழுத்துப் போனாள். சித்தர் இருவருக்கும் ஆளுக்கொரு தக்கை மோந்தார். உச்சுக்கொட்டினார்.

"நாக்குப் பொருத்தம் இல்லையேம்மா. உன்னோடது மலை நாக்கு. தம்பியோடது மணல் நாக்கு."

"கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றாள் அவள், வெளியே வந்ததும்.

"ஏன், என் நாக்குல மணல் ஒட்டியிருக்கா?"

"கிண்டல் பண்ணாதீங்க. அவர் பாட்டிலைக்கூடப் பாக்காம சொல்றாரு."

"பாக்காமலேயா?" என்றான் அவன், மெதுவாக.

(அன்று மாலை அவனும் கண்ணாடி முன் நாக்கை நீட்டி மணல் தேடினான். அதை வெளியே சொல்வது நியாயமில்லை, சொல்லிவிட்டேன்.)

இந்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், துணி சுற்றிய பாட்டில் ஒன்றை மேஜைமேல் வைத்து, சித்தரிடம் ஒரு தக்கையை நீட்டினான்.

சித்தர் கண்ணை மூடினார். "ஆகா! நாப்பது வருஷத்துக் கொடி. மழை ஏமாத்தின வருஷம். கொடி அழுதிருக்கு!"

முன்வரிசையில் ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ரிப்பேர்காரன் துணியை அவிழ்த்தான். பாட்டிலின் தலையில், இருமல் மருந்துக்கு இருப்பதுபோல, திருகு மூடி. இன்னும் திறக்கவே இல்லை.

"அப்ப அந்தத் தக்கை?" என்றாள் அவள்.

"எங்க பட்டறையில ஆடுற மேஜைக்கு முட்டு. நாலு வருஷமா காலுக்கடியில கெடந்துச்சு. அழுதது கொடியில்ல, மேஜை."

சிரிப்பில் அலமாரி பாட்டில்கள் கிணுகிணுத்தன. "கிரகம் மறைக்குது" என்று முனகிய சித்தர், பின்வாசல் வழியே தானும் மறைந்தார்.

கடைக்காரர் தலையில் கைவைத்தார். "பாவி! இனி எவன்டா என் கடைக்கு வருவான்?"

அவனுக்குப் பாவமாகிவிட்டது. "அண்ணே, ரெண்டு மூணு பாட்டிலைத் திறந்து ஆளுக்கொரு வாய் ஊத்துங்க. புடிச்சவன் வாங்கட்டும், புடிக்காதவன் போகட்டும்."

ஊற்றினார். "இது இனிப்பா இருக்குடா!" "எனக்கு அந்தச் சிவப்பு!" வரிசை கலையவில்லை. முதல் முறையாக அவர்கள் ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளும் ஒரு வாய் குடித்தாள். முகம் அஷ்டகோணலானது. "ஐயோ, புளிக்குது!"

"எனக்கும்!"

"நெஜமாவா?" அவள் முகம் மலர்ந்தது. "அப்ப பொருத்தம்தான். தேதியை மாத்த வேணாம். விருந்துக்கு வெறும் திராட்சை ஜூஸ் போதும்."

நாக்கைத் திரும்பப் பெற்றவர்கள் அப்படியே மூளையையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சித்தர் ஓடிய அவசரத்தில் அதைக் கடையிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.