ஐசக் வீட்டுக் கிணறு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் ஐசக் வீட்டுக் கிணறு வற்றிப் போகட்டும். இதற்கு மேல் ஒருவன் சத்தியம் செய்ய முடியாது.

டிராயிங் மாஸ்டர் ஐசக் 1969-இல் அஸ்தினாபுரத்தில் மனை வாங்கினார். கையிருப்பு அத்தோடு தீர்ந்தது. மனைவி பியூலா ஒரே பேச்சாக முடித்துவிட்டாள்.

“கிணறு இல்லாத வீட்டுக்கு நான் வரலீங்க.”

அந்தச் சமயம் பார்த்துத் தொல்பொருள் துறைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வீடுகள் எழும்புமுன், அடியில் பழங்கால ஊர் ஏதும் புதைந்திருக்கிறதா என்று சோதனைக் குழி போட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. எந்த மனையில் பழைய பானை ஓடு தென்பட்டதோ, அங்கே குழி. சதுரமாக, செங்குத்தாக, கிணறு மாதிரியே இருந்தது.

ஐசக்குக்குப் புத்தி வேலை செய்தது. பியூலாவின் மீன் சட்டியை உடைத்தார். அவளிடம் “பூனை உருட்டிடுச்சு” என்றார். பழங்கால ஓடு மாதிரி தெரிய, உள்பக்கம் கரியும் வெளிப்பக்கம் செம்மண்ணும் பூசி, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மனையில் தூவிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அதைப் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

“துளசிங்கம், இங்க போடு குழியை.”

துளசிங்கம் போட்டான். ஆனால் கடப்பாரையால் அல்ல. சின்னக் கரண்டியாலும் பிரஷ்ஷாலும். நாளைக்கு நாலு விரற்கடை. ஓடு தீர்ந்தால் வேலை நின்றுவிடுமே என்று, பள்ளிக்கூடம் விட்டதும் ஐசக் தினமும் புதிதாக நாலு துண்டுகளைச் செருகிவிட்டு வந்தார். குழம்புச் சட்டி, கருவாட்டுச் சட்டி எல்லாம் பூனைக்கே பலியாயின. பியூலா பூனையைத் தேட ஆரம்பித்தாள்.

இரண்டு மாதத்தில் பதினான்கு அடி. அதிகாரி ஐசக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துகள் மாஸ்டர். ரெண்டாயிரம் வருஷத்து ஊர் இது. இனிமே இங்க ஒரு செங்கல் வைக்கக் கூடாது. மனையை கவர்ன்மென்ட் எடுத்துக்கும்.”

ஐசக் பதறினார். “சார், அது எங்க வீட்டு மீன் சட்டி சார். நான்தான் போட்டேன்.”

“மனை போறதுன்னா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க.”

ஓடிப்போய்ப் பியூலாவை அழைத்து வந்தார். அவள் ஓடுகளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“ஏங்க, இதுதானா அந்தப் பூனை?”

அதிகாரி அசரவில்லை. “வீட்டுக்காரரைக் காப்பாத்தறீங்கம்மா. நல்ல குணம்.”

குழிக்குள்ளிருந்து துளசிங்கத்தின் குரல் வந்தது. “சார், ஒருவாட்டி மோந்து பாருங்க. வஞ்சிர வாசனை வந்துகினு கீது. நானும் ரெண்டு மாசமா சொல்லலாம்னு பாக்கறேன், நீங்க இன்னாவோ எழுதிகினே கீறீங்க.”

அதிகாரி பிறந்ததிலிருந்து மீன் பக்கம் போகாதவர். நோட்டைத் திறந்தார். ‘ஓடுகளில் விசேஷமான பழமை வாசனை’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் கிழித்தார். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மனை தப்பியது. ஐசக்குக்கு மூச்சு வந்தது. குழியை எட்டிப் பார்த்தார். துளசிங்கம் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தான்.

“காலைலதான் ஊறிச்சு சார். எளநி மாதிரி கீது.”

“சார்,” என்று குழைந்தார் ஐசக், “குழியை அப்படியே விட்டுட்டுப் போயிடுங்களேன்.”

“ரூல் கிடையாது மாஸ்டர். சோதனைக் குழியைப் பழையபடி மூடிக் கொடுத்துட்டுத்தான் போகணும்.”

இரண்டு மாதம் தோண்டியதை அரை நாளில் மூடினார்கள். மனை மிஞ்சியதே போதும் என்று பியூலா சமாதானமானாள். அடுத்த வருஷம் தெருமுனையில் அடிபம்பு வந்தது, வீடும் எழும்பியது. சட்டிகள் மட்டும் அலுமினியத்துக்கு மாறின.

ஐசக் வீட்டில் இன்றுவரை கிணறு கிடையாது.