வேர்னரின் துவக்குக்கு நான் வைத்த பொட்டு

நல்லது செய்கிறேன் என்று புறப்படுகிற பெண்களிடமிருந்துதான் வீட்டுச் சாமான்களை முதலில் ஒளித்துவைக்க வேண்டும். கள்ளன் என்றால் எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். என்னைப் போன்றவள் பொட்டு வைத்துவிடுவாள். (எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். இப்பவே சிரிக்கத் தொடங்கியிட்டாள், இன்னும் கதைக்கே வரேல்லை.)

இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்த புதிதில், இன்டர்லாக்கனுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில், வேர்னர் என்ற கிழவரின் பண்ணைவீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் மனுசன் கீழே டவுனில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். நான் வேர்னருக்குப் பால்வாளி கழுவிக் கொடுத்தேன். குடும்பமே கழுவல்தான்.

வேர்னர் சுவிஸ் ஜெர்மனில் கதைப்பார், நான் அதை யாழ்ப்பாணத் தமிழில் விளங்கிக்கொள்வேன். அதனால் இந்தக் கதையிலும் அவர் தமிழில்தான் கதைப்பார்.

அந்தப் பெரிய யுத்தம், இரண்டாம் உலக யுத்தம், வந்தபோது அவருக்கு மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. புல்லு வெட்டிக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டு, கையில் துவக்கைக் கொடுத்து, காலாட்படையில் சேர்த்துவிட்டார்கள். எல்லையில் ஒரு பாலத்துக்குக் காவல். எதிரி வருவான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வரவில்லை. அடுத்த வருடமும் பார்த்தார்கள். பாலத்துக்குப் பக்கத்துப் பண்ணையில் ஆண்கள் எல்லாரும் படைக்குப் போய்விட்டதால், கறக்க ஆளில்லாமல் மாடுகள் கதறின. அவர்களை மேய்த்த கோப்ரல் வந்து கேட்டாராம், "ஆருக்கடா பால் கறக்கத் தெரியும்?"

வேர்னர் கையைத் தூக்கினார். அந்தக் கையோடு அவருடைய வீரம் முடிந்தது. யுத்தம் முடியும்வரை துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு வாளியோடு குந்தியிருந்தார். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் பால்காரி. பால்காரன்கூட இல்லை.

"ஒரு வெடி வைக்கேல்லை, பிள்ளை," என்று என்னிடம் வெட்கப்பட்டுச் சொல்வார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். யுத்தம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடுவது என்றுதான் எனக்குத் தெரியும். இவர்கள் பால் கறந்திருக்கிறார்கள். எனக்கு அந்த யுத்தம் நல்லாய்ப் பிடித்துப்போனது.

பழைய கூட்டாளிகள் வருடா வருடம் யாராவது ஒருவரின் வீட்டில் கூடுவார்கள். அந்த வருடம்தான் முதன்முறையாக வேர்னரின் வீடு. கிழவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. படை உடுப்பை நான்தான் அயன் பண்ணிக் கொடுத்தேன். பொத்தானைப் பூட்டிவிட்டு அவர் மூச்சு விட மறந்து நின்றார். (இந்த நாட்டில் படைத் துவக்கை வீட்டிலேயே வைத்திருக்கலாம்.) அந்தத் துவக்குக்கு எண்ணெய் பூசி, விறாந்தைக் கதவுக்கு நேரே, முன் அறை மேசையில் சாத்திவைத்தார்.

"இந்த முறை ஒருத்தனும் என்னைப் பால்காரி எண்டு சொல்லக்கூடாது. உள்ளுக்கு வந்த உடனை துவக்கைத்தான் பாக்கோணும்."

"பாப்பினம்," என்றேன். (பாத்தவைதான்.)

அந்த நாள் பார்த்து ஆயுதபூசை வந்தது. என் தையல் மெசின், என் மனுசனின் கத்தி, பால்வாளி, கோப்பை கழுவுகிற பிரஷ் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு கீழே வந்தால், மேசையில் துவக்கு. ஆயுதபூசையன்று ஆயுதத்தை விட்டுவிட்டு பிரஷ்சுக்குப் பொட்டு வைத்தால் சாமி என்னைப் பற்றி என்ன நினைக்கும்? வேர்னர் மாட்டுக் கொட்டிலில் நின்றார். கேட்டிருக்கலாம். கேட்டுக்கொண்டு நின்றால் நல்லது செய்ய முடியுமா?

துவக்கின் மரக்கட்டை முழுக்கப் பொட்டு வைத்தேன். கண்ணூறு படாமல் குழல் வாயில் ஒரு தேசிக்காயை இறுக்கிக் குத்தினேன். பூவுக்கு எங்கே போவது? முந்தின கிழமைதான் மாடுகள் மலை மேய்ச்சலில் இருந்து இறங்கியிருந்தன. முன்னுக்கு நடக்கிற பசுவின் தலையில் பூவும் கொப்புமாக ஒரு சோடினை கட்டி, ஊர்வலமாகத்தான் கூட்டிவருவார்கள். அந்தச் சோடினை ஆணியில் சும்மா தொங்கியது. எடுத்துத் துவக்கின் கழுத்தில் கட்டினேன். அளவெடுத்ததுபோல் இருந்தது. அதில் ஒரு சின்ன மணியும் கிடந்தது. கழற்ற மனம் வரவில்லை.

கிழவர்கள் வந்தார்கள். வேர்னர் வயிற்றை எக்கிக்கொண்டு வாசலில் நின்று, "உள்ளுக்கு வாங்கோ," என்று கதவைத் திறந்தார்.

உள்ளே துவக்கு, பூவும் பொட்டுமாக. முன்னால் வாழைப்பழத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

அந்தப் பழைய கோப்ரல் பொல்லை ஊன்றிக்கொண்டு கிட்டப் போய், சுண்டுவிரலால் மணியைத் தட்டினார். கிணிங் என்றது.

"பால்காரி," என்றார், "வடிவான பசு. எத்தினை லீட்டர் தரும்?"

சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் பல்லுக்கட்டு கழன்றது. வேர்னர் காது நுனிவரை சிவந்துபோய் நின்றார். என் மனுசன் என் காதுக்குள், "இஞ்சேரும், மேல போய் சூட்கேசைக் கட்டும். இண்டைக்கு வீட்டை விட்டு எழுப்பிவிடப் போறார்," என்றார்.

வேறு வீடு தேடிப் பிடிப்பது அந்த நாளில் சும்மாவா? தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லையும் ஒன்றாகக் கொட்டினேன். "எங்கட ஊரிலை… வேலை செய்யிற சாமானுக்கு… நன்றி சொல்லுறது."

"இது எங்கை வேலை செய்தது?" என்றார் கோப்ரல்.

வேர்னர் என்னைப் பார்த்தார். துவக்கைப் பார்த்தார். பிறகு எக்கி வைத்திருந்த வயிற்றை மெல்ல விட்டார்.

"செய்யாததுக்குத்தான் பூ. இந்தப் பிள்ளையின்ர ஊரிலை துவக்கெல்லாம் வேலை செய்யுது."

சிரிப்பு நின்றது. கோப்ரல் தொப்பியைக் கழற்றி, என் முன்னால் குனிந்தார்.

"அப்ப எனக்கும் வை. நானும் ஒண்டும் செய்யேல்லை."

ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் பொட்டு வைத்தேன். அவலும் கடலையும் தின்றார்கள். துவக்குக்குப் புளூமி என்று பெயர் வைத்தார்கள். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு பசுவுக்கு இருக்கும் பெயர். குழலில் அடைத்துக்கொண்ட தேசிக்காய்ச் சக்கையை எடுக்க அன்று பின்னேரம் முழுக்கப் பாடுபட்டார்கள். அந்தப் படைப்பிரிவின் கடும் சண்டை அதுதான் என்று வேர்னர் சாகும்வரை சொன்னார்.

இப்போது, இதை எழுதுகிற இவளின் தம்பி, இங்கேயே பிறந்த என் பேரன், படைப் பயிற்சியில் இருக்கிறான். அவனும் காலாட்படைதான். போன சனிக்கிழமை துவக்கோடு ரயிலில் வந்து இறங்கி, சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னான், "அம்மம்மா, இது புளூமி இல்லை. கிட்ட வரக்கூடாது."

"ஓம் ராசா," என்றேன்.

அவன் குளிக்கப் போன நேரம், கட்டையின் அடியில், ஆரும் பாராத இடமாகப் பார்த்து ஒன்றே ஒன்று. கடுகளவு.

திங்கட்கிழமை போன் வந்தது. "அம்மம்மா, பிடிபட்டிட்டன். அதிகாரி என்ன இது எண்டு கேட்டார்."

"ஐயோ. என்ன சொன்னனீ?"

"வேர்னர் தாத்தாவின்ர கதை முழுக்கச் சொன்னன். அவரும் மாட்டுக்காரன்ர மகன் போல. சிரிச்சுப்போட்டுத் துடைக்கச் சொன்னவர்."

"துடைச்சனியோ?"

அவன் குரலைத் தணித்தான்.

"அரைவாசி."